மிச்ச ஊசியை மடிநோய்க்குப் போடலாமா?

"போன தடவை போட்ட ஊசி மருந்து பாதி மிச்சம் இருக்குதுங்க டாக்டர், அதையே போட்டுரலாங்களா?"

தருமபுரி மாவட்டம் தீர்த்தமலைப் பக்கம் மடி வீங்கிய மாட்டோடு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்பவர்மீது குற்றம் சொல்ல முடியாது. மானாவாரி ஏமாற்றும் வருஷத்தில் இரண்டு கறவை மாடுதான் வீட்டுச் செலவைத் தாங்குகிறது. அரூர் போய்வருவதற்குள் மடி கல்லாகிவிடுமோ என்ற பயம் வேறு.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கால்நடை மருத்துவ மாணவர்கள் தயாராக வேண்டும். அவர்களின் படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு நேரடிப் பயிற்சி. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைப் புத்தகத்தில் படித்துவிடலாம். விவசாயி கைகட்டி நிற்கும்போது "இதுக்கு ஊசி வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் பயிற்சிக் காலத்தில் தொழுவத்தில்தான் வரும்.

கோமாரியும் ஆட்டுக்கொல்லி நோயும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்தால்தான் அதற்கு வேலை. ஆனாலும் காய்ச்சல் என்றாலே ஊசி என்பது நமக்குப் பழகிவிட்டது. அரைகுறையாகப் போட்ட மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமி பெருகி, அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-லேயே தன் நோபல் உரையில் இதை எச்சரித்தார்.

எந்த மருந்து கேட்கும் என்பதைப் பால் பரிசோதனையே காட்டிவிடும். காம்பைக் கழுவித் துடைத்து, ஸ்பிரிட் தடவி, முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, சுத்தமான புட்டியில் பாலைப் பிடித்து ஐஸில் வைத்து அனுப்ப வேண்டும். ஊசி போடுவதற்கு முன்பே எடுப்பது முக்கியம். ஆய்வகத்தில் கிருமியை வளர்த்து, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை அதன்மேல் வைப்பார்கள். வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் போதிய அளவுக்கு விழுந்தால் அந்த மருந்து கேட்கும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். மாடு காய்ச்சலோடு தீனி எடுக்காமல் கிடந்தால் அதுவரை காத்திருக்கக் கூடாது. மருத்துவர் உடனே வைத்தியத்தைத் தொடங்கிவிடுவார்.

ஆரம்ப மடிநோய்க்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லும் மூலிகை முறையும் இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்துச் சிவப்பு விழுதாக அரைக்க வேண்டும். பாலை முழுதும் பீச்சி, மடியைக் கழுவி, விழுதைத் தண்ணீரில் கரைத்து நாளுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். வீட்டுப் பெண்கள் இதை மாணவர்களைவிட நேர்த்தியாக அரைத்துவிடுவார்கள்.

அடுத்தது பால் விலக்கு நாள். ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் விற்கக் கூடாது என்பது மருந்து லேபிளில் இருக்கும். குறிப்பிடாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-ல் விதி வந்தது. ஒரு வாரப் பாலைக் கொட்டச் சொன்னால் எந்த வீடு தாங்கும் என்று கேட்பது நியாயம்தான். அதனால்தான் மருந்து எழுதும்போதே மருத்துவர் இந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது. கன்றின் குடலில் உள்ள கிருமியும் மருந்துக்குப் பழகிவிடும்.

மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை, கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை மத்திய அரசு 2019 ஜூலையில் தடைசெய்தது. தீவன மூட்டையோடு வளர்ச்சிக்கென்று பெயரில்லாத பொடி கொடுத்தால் வாங்காதீர்கள்.

மருத்துவர் ஊசி போட்டதும் மருந்தின் பெயர், எத்தனை நாள் போட வேண்டும், பால் விலக்கு எத்தனை நாள் என்ற மூன்றையும் கேட்டு, தொழுவச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். வழக்கமான உறைமோர் ஊற்றியும் தயிர் உறையவில்லை என்றால், முதலில் அந்தக் காலண்டரைப் பாருங்கள்.