செல்லைப் பருக்கச் சொல்வது யார்?

“சிறுநீரகம் தானம் கொடுத்தவருக்கு மிச்சமிருக்கும் ஒற்றைச் சிறுநீரகம் பெரிதாகிவிடும் என்கிறார்களே, இன்னொன்று போய்விட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரிதாவது உண்மைதான். பெரியவர்களிடம் செல்களின் எண்ணிக்கை கூடுவதைவிட, இருக்கிற செல்களே பருப்பதுதான் அதிகம். மிஞ்சிய சிறுநீரகத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது; கூடவே புரதம் கட்டத் தேவையான அமினோ அமிலங்களும் கூடுதலாக வந்து சேர்கின்றன. ஆனால் ஆய்வுக்கூட எலிகளில் ஒரு சிறுநீரகத்தை அகற்றிவிட்டு ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தால், மற்றது வழக்கம்போல் பருப்பதில்லை. சரக்கு வந்து சேர்ந்தும் கட்டடம் எழும்பவில்லை. ஆக, சரக்கு வந்ததும் ‘கட்டு’ என்று சொல்ல ஒருவர் வேண்டும்; ராபமைசின் தடுப்பது அவரைத்தான். அவரைக் காட்டிக்கொடுத்த இந்த மருந்து பிறந்தது ஓர் ஆன்டிபயாட்டிக்காக.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964இல் ஈஸ்டர் தீவுக்குப் புறப்பட்ட கனடா மருத்துவக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. மான்ட்ரியலில் அயர்ஸ்ட் ஆய்வுக்கூடத்தில் சுரேன் சேகலும் சகாக்களும் அந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து இதைப் பிரித்தெடுத்து, 1975இல் பூஞ்சைக்கு எதிரான ஆன்டிபயாட்டிக் என்று அறிவித்தார்கள். அது நோய் எதிர்ப்பாற்றலையும் அடக்கியதால் அந்த வேலைக்கு உதவவில்லை. சிரோலிமஸ் என்ற பெயரில், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்தாக 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது 1991இல் நடந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மைக்கேல் ஹால் குழுவினர், ராபமைசினுக்கு மசியாத ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்து, அந்த மருந்து எந்தப் புரதத்தைக் குறிவைக்கிறது என்று கண்டார்கள். அதற்கு டார் என்று பெயர். நம் செல்களில் இருப்பது எம்டார். ஒரு செல் எவ்வளவு பருக்கலாம் என்பதில் இதன் வாக்குக்குத் தனி எடை உண்டு.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எம்டார்தான் சமையல் மாஸ்டர். லைசோசோம் என்ற சிறு பை உக்கிராண அறை. உள்ளே சரக்கு, அதாவது அமினோ அமிலம், இருந்தால்தான் மாஸ்டர் அதன் வாசலுக்கு வருவார். இல்லாவிட்டால் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார். குறிப்பாக லூசின் வந்ததா என்று பார்த்துச் சொல்ல ஒரு தனி ஆள் உண்டு. சரக்கு மட்டும் போதாது, வீட்டுக்காரர் சம்மதமும் வேண்டும், இன்சுலின்தான் வீட்டுக்காரர். அவர் தலையசைக்கும்வரை ‘பொறு’ என்று மாஸ்டரைத் தடுத்து வைக்கும் கணக்குப்பிள்ளையும் உண்டு. அவர் பெயர் டிஎஸ்சி. இரண்டும் கூடிவிட்டால் மாஸ்டர் குரல் கொடுக்கிறார், ரைபோசோம் அடுப்புகள் எல்லாம் எரிகின்றன, செல் பருக்கிறது. சமையல் நடக்கும்வரை பாத்திரம் கழுவ யாரும் வருவதில்லை. மாஸ்டர் ஓய்ந்தால்தான் செல் தன் பழைய, பழுதான பாகங்களைச் சிதைத்து மறுபடி பயன்படுத்தத் தொடங்குகிறது. ராபமைசின் தனியாக வந்து மாஸ்டரை மடக்குவதில்லை. செல்லுக்குள்ளேயே இருக்கும் எஃப்கேபிபி12 என்ற சிறு புரதத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போய் அவரோடு ஒட்டிக்கொள்கிறது. அவருக்கு உயிர் இருக்கிறது, கைதான் சில பாத்திரங்களுக்கு எட்டுவதில்லை.

சமையற்கட்டின் இந்த அமைப்பை இப்படிப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியதுதான் இந்த மருந்தின் பெரிய கொடை. அதன் பலன் மருத்துவமனையில் கண்ணால் பார்க்கக் கிடைக்கிறது. இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்குள் திசு மறுபடி வளர்ந்து வழியை அடைப்பது பெரும் தொல்லையாக இருந்தது. 2002இல் வெளியான ஒரு சோதனையில், சாதாரண ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் மீண்டும் அடைப்பு. சிரோலிமஸ் பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. இன்று மருந்து பூசிய ஸ்டென்ட் என்று டாக்டர்கள் சொல்வது இந்த வழியில் வந்ததுதான்.

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயில் அந்தக் கணக்குப்பிள்ளையே பழுது. தடுக்க ஆளில்லாமல் சிறுநீரகத்தில் கட்டிகள் வளர்கின்றன. 2008இல் வெளியான ஆய்வில், ஓராண்டு சிரோலிமஸ் எடுத்தவர்களின் கட்டிகள் சராசரியாகப் பாதியளவுக்குச் சுருங்கின. மருந்தை நிறுத்திய அடுத்த ஆண்டில் பெரும்பாலும் பழைய அளவை நோக்கித் திரும்பிவிட்டன. மருந்து மாஸ்டரின் கையைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. கணக்குப்பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

இளமை மாத்திரை என்று இதை விற்கத் துடிப்பவர்கள் இந்தக் கடைசித் தகவலைச் சொல்வதில்லை. 2009இல் 600 நாள் வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது ஆயுள் நீண்டது நிஜம். அழகான சோதனை அது. மனிதர்களில் ஆயுளை நீட்டும் என்று எந்தச் சோதனையும் நிரூபிக்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் பார்த்த வாய்ப்புண், ரத்தக் கொழுப்பு ஏற்றம், தொற்று ஆகியவை நன்றாகவே தெரிந்தவை. காயம் ஆற வேண்டுமானாலும் செல்கள் பருத்துப் பெருக வேண்டும். அதனால்தான் மாற்று அறுவை சிகிச்சை முடிந்த கையோடு சிரோலிமஸைத் தொடங்காமல், தையல் போட்ட இடம் ஆறும்வரை காத்திருக்கும் டாக்டர்கள் பலர்.