முயல் குடலில் ஒரு மெளனப் போர்: மருந்தா, எதிர்ப்பாற்றலா?

திருவனந்தபுரம்: உணவுச் சட்ட விதிகளில் இருந்த ஓர் இடைவெளியால் 2014-ஆம் ஆண்டில் முடங்கிய கேரள முயல் வளர்ப்போர், அந்தச் சிக்கல் தீர்ந்த பின்னரும் மற்றோர் எதிரியிடமிருந்து மீளவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த எதிரி குடியிருப்பது முயல் குட்டிகளின் குடலில்.

இறைச்சி விலங்குகளைப் பட்டியலிட்ட 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் முயல் இடம்பெறவில்லை. அதைக் காட்டியே அறுப்புக்கும் விற்பனைக்கும் தடை வந்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டு, வீட்டு முயல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால், சட்டத் திருத்தத்தால் தீராதது "காக்சிடியோசிஸ்' எனும் கழிச்சல் நோய்.

ஈரமே எதிரி: ஐமீரியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணியால் இந்நோய் உண்டாகிறது. முயல்களைத் தாக்கும் ஐமீரியாவில் 10-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஓர் இனம் கல்லீரலின் பித்த நாளங்களைத் தாக்குகிறது. மற்றவை குடலைத் தாக்குகின்றன. புழுக்கையுடன் வெளியேறும் நுண்கூடுகள், ஈரமும் வெப்பமும் கிடைத்தால் சில நாள்களிலேயே தொற்றும் திறன் பெறுகின்றன. இரண்டு பருவமழைகளைக் காணும் கேரளத்தில் அவற்றுக்கு ஏற்ற சூழலுக்குக் குறைவில்லை. தாய்ப்பால் மறந்த குட்டிகளே அதிகம் மடிகின்றன. பிழைப்பவையும் எடை கூடாமல் நலிகின்றன.

உடலின் பதிலடி: பிழைத்த முயலை அதே இனம் மீண்டும் தாக்கினால் பெரும்பாலும் நோய் முற்றுவதில்லை. ரத்தத்தில் சுரக்கும் எதிர்ப்புப் புரதங்களைவிட, குடல் சுவரில் திரளும் "டி' வகை வெள்ளணுக்களே இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. ஆனால், ஓர் இனத்துக்கு எதிராகப் பெற்ற ஆற்றல் மற்றோர் இனத்திடமிருந்து காப்பதில்லை. எல்லா இனங்களும் ஒரே அளவில் எதிர்ப்பைத் தூண்டுவதுமில்லை. சில இனங்களில் மிகச் சொற்பமான நுண்கூடுகளே வலுவான பாதுகாப்பைத் தந்துவிடுகின்றன.

குடல் புழுக்களிலும் இதே வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் காட்டு முயல்களிடம் பல ஆண்டுகள் நடத்தப்பட்ட ஆய்வில், சிறுகுடலில் வாழும் ஒருவகைப் புழு, முயலுக்கு வயது ஏற ஏறக் குறைந்தது. இரைப்பையில் வாழும் மற்றொரு வகையோ வயதுடன் பெருகியது. முதலாவதை உடல் வெளியேற்றுகிறது. இரண்டாவதை வெளியேற்ற இயலவில்லை.

மருந்தின் விலை: காக்சிடியோசிஸýக்கு சல்ஃபா மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை பாக்டீரியாக்களுக்கு எதிராகவும் செயல்படுபவை. நோய் வருமுன் வழக்கமாகவே இவற்றைக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக வழி பிறக்கும். இதைத் தடுக்க மத்திய அரசு 2017-இல் தேசிய செயல்திட்டத்தை வெளியிட்டது. 2018-இல் மாநில அளவிலான செயல்திட்டத்தைக் கொண்டுவந்த முதல் மாநிலம் கேரளம்.

மருந்துக்கு மாற்றாக, வீரியம் குறைக்கப்பட்ட ஐமீரியாவைக் கொண்டே எதிர்ப்பாற்றலைத் தூண்டும் தடுப்பு மருந்துகள் கோழிகளுக்குப் பல நாடுகளில் புழக்கத்தில் உள்ளன. முயல்களுக்கும் இம்முறை பொருந்தும் என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

பொறுப்பு யாருடையது? கால்நடை நோய்த் தடுப்பு, அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலம் விட்டு மாநிலம் நோய் பரவாமல் தடுப்பதோ பொதுப் பட்டியலில் வருகிறது. 2019-இல் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரிக்கும் கன்று வீச்சு நோய்க்கும் முன்னுரிமை அளித்தது. கோடிக்கணக்கான மாடுகள் உள்ள நாட்டில் அது இயல்பே. ஆனால், சிறு விவசாயியின் கூண்டு முயலுக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை.

கட்டமைப்பு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டம் பாலோடில் மாநில அரசின் கால்நடை நோய் ஆய்வு நிறுவனமும் தடுப்பு மருந்து தயாரிப்பு நிறுவனமும் உள்ளன. மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிறுவனம், கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள தனது தென்மண்டல மையத்தில் இறைச்சி முயல் இனங்களைப் பேணி வருகிறது. இவ்விரு இடங்களின் அறிவும் ஒன்றிணைந்தால் பயன் பெறுவோர் இரு மாநிலங்களிலும் உண்டு.

அதுவரை விவசாயியின் கையில் இருப்பது எளிய வழியே. புழுக்கை கீழே விழும் கம்பிவலைத் தளம், ஈரமில்லாத கூண்டு, தீவனத்தில் எச்சம் படாத ஏற்பாடு. உணவுப் பட்டியலில் முயலுக்கு இடம் அளித்த தில்லி, நோய்த் தடுப்புப் பட்டியலிலும் இடம் அளிக்குமா என்பதே எஞ்சியுள்ள கேள்வி.