காதில் கேட்கும் குரல் என்ன சொல்கிறது?

பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் காதில் பேச்சுக்குரல் கேட்பது மனச்சிதைவு நோயின் முக்கியமான அறிகுறி. எந்த நாட்டிலும் இது உண்டு. ஆனால் எல்லா ஊரிலும் அந்தக் குரல் ஒரே மாதிரிதான் பேசுமா?

அமெரிக்க மானுடவியலாளர் டான்யா லூர்மனுக்கு வந்த சந்தேகம் இதுதான். மனநல மருத்துவர்களுடன் சேர்ந்து கலிஃபோர்னியாவின் சான் மத்தேயோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில் தலா 20 நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசினார். சென்னையில் துணை நின்றது டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்ற மனநல அமைப்பு.

கலிஃபோர்னியாக்காரர்கள் பலருக்குக் கேட்டது ‘அடி, கொல்லு’ என்கிற குரல். யாரோ தங்கள் மூளைக்குள் அத்துமீறி நுழைந்துவிட்டதாகவே அவர்கள் தவித்தார்கள். அக்ராவில் கடவுளே பேசுவதாகச் சொன்னவர்கள் அதிகம். அங்கே பாதிப்பேர் அதை நல்ல அனுபவம் என்றார்கள். சென்னையில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். குளி, சமையலை முடி என்று ஏவும், திட்டும், பெரியவர்கள் சின்னவர்களுக்குச் சொல்வதுபோலப் புத்தியும் சொல்லும்.

ஏன் இப்படி? லூர்மன் தரும் விளக்கம் எளிமையானது. அமெரிக்கர்களுக்கு மனசு பூட்டிய தனி அறை. அங்கே அந்நியக் குரல் கேட்டால் திருடன் புகுந்த பயம்தான் வரும். நாமோ ‘இன்னாருடைய மகன், இன்னாருடைய அக்கா’ என்றே வளர்கிறோம். நம் காதில் மற்றவர் பேச்சு ஓய்வதே இல்லை. நோய் வந்தாலும் அந்தப் பழக்கம் விடுவதில்லை.

இதை வைத்து நம் குடும்பங்களுக்கு மாலை போட்டுவிட வேண்டாம். கல்யாணம் தடைப்படும் என்று நோயை மூடி மறைப்பதும் இதே உறவுகள்தான். 2001-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பமே. மேலும், வசவும் அதட்டலுமாகக் கேட்கும் உறவுக்காரர் குரலும் ஆளை வாட்டத்தான் செய்யும்.

ஆகவே, வீட்டில் ஒருவர் தனக்குக் குரல் கேட்கிறது என்றால் ‘எல்லாம் உன் பிரமை’ என்று வாதாடாதீர்கள். யார் குரல், என்ன சொல்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். கேட்டதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரலென்றால் அன்றைக்கே போங்கள். குணமானதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.