மீட்டர் மொழி – 9: ஈரத்துணிக்கு என்ன விலை?

ஐப்பசி மாதத்தில், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூரில் என் தங்கை வீட்டுக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடி வரை நைலான் கயிறு. அதில் மாப்பிள்ளையின் கம்பெனிச் சட்டைகள் இரண்டு, இடுப்புப் பட்டி மட்டும் காயாத ஜீன்ஸ், குழந்தையின் துணிகள், ஒரு பெட்ஷீட். நிமிர்ந்தால் ஈரம் நெற்றியில் ஒட்டும்.

"மூணு நாளாச்சுண்ணா, காயவே இல்ல. மோந்து பாரு, வாடை அடிக்குது. இவருக்கு விடிகாலைல ஷிப்ட். ஈரச் சட்டையோடவா போவாரு? அதான் டிரையர் வாங்கிட்டோம்" என்றாள். குளியலறைக்கு வெளியே புது இயந்திரம் நின்றது. தவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

டிரையர் என்ற சொல்லிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் வீடுகளில் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினில் துணியைச் சுழற்றிப் பிழியும் சின்னத் தொட்டிக்கும் டிரையர் என்றுதான் பெயர். 'டிரையர்ல போட்டு எடுத்துக் காயப்போடு' என்று பல வருடமாகச் சொல்லி வருகிறோம். அது தண்ணீரை உதறித் தள்ளும், அவ்வளவுதான். தங்கை வாங்கியிருப்பது வேறு ஜாதி. உள்ளே ஹீட்டர் இருக்கிறது. சூடான காற்றை ஊதி, துணியைப் புரட்டிப் புரட்டித் தண்ணீரை ஆவியாக்குகிறது. பெயர் ஒன்று, மின்செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போன வாரம் கீசருக்கு மாட்டிய, யூனிட் காட்டும் பிளக் மீட்டரைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை போடும் தொங்கு தராசையும் தங்கையிடம் கேட்டு வாங்கினேன். சோதனையைத் தொடங்கினோம்.

உலர்ந்த துணி 4 கிலோ. துவைத்து, மெஷின் பிழிந்து கொடுத்த பிறகு 6.8 கிலோ. அதாவது, பிழிந்த பிறகும் 2.8 லிட்டர் தண்ணீர் துணிக்குள் உட்கார்ந்திருக்கிறது. டிரையரில் போட்டோம். ஹீட்டர் 2,000 வாட். 6 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சாக்கெட் கருகும். 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். ஒரு மணி இருபது நிமிடம் ஓடி நின்றபோது மீட்டரில் 2.6 யூனிட்.

இதில் மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரைத் துணியிலிருந்து ஆவியாக்க, ஒரு சொட்டு வெப்பம்கூட வீணாகாவிட்டாலும், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு யூனிட் தேவை. இது இயற்கை போட்ட விலை. எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. 2.8 லிட்டருக்கு அந்தக் கணக்கே 1.9 யூனிட் வந்துவிடுகிறது. மீதி, டிரம்மும் துணியும் சூடாவதற்கும் வெளியேறும் சூடான காற்றுக்கும் போகிறது.

"ரெண்டரை யூனிட்தானே? பதினஞ்சு ரூவா. ஒரு டீயும் வடையும்" என்றார் மாப்பிள்ளை. யூனிட் ஆறு ரூபாய் என்று அவர் மனக்கணக்கு. இங்கேதான் நம் தமிழ்நாட்டு மின்கட்டணத்தின் சூட்சுமம் இருக்கிறது.

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 முதல், முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலையில் விலை இன்னும் ஏறியது. ஆனால் 2022-இன் எண்கள் கணக்குக்கு எளியவை. 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500-ஐத் தாண்டாத வரைதான் இந்த விலை. தாண்டினால், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும், 500-க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8 ரூபாய். கடைசி யூனிட் மட்டும் விலை ஏறுவதில்லை, முன்னால் எரித்ததும் சேர்ந்து ஏறுகிறது.

தங்கை வீட்டில் டிரையர் இல்லாமலேயே இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் ஆகிறது. அந்தப் பட்டியல்படி பில் 1,365 ரூபாய். மழைக்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் டிரையர் என்றால் 30 முறை, 78 யூனிட். மொத்தம் 518. பில் 2,094. டிரையருக்காக மட்டும் 729 ரூபாய். ஒருமுறை உலர்த்த 24 ரூபாய் 30 காசு. மாப்பிள்ளை சொன்ன பதினைந்து ரூபாய் எங்கே, இது எங்கே! இதே டிரையரை 200 யூனிட்டோடு முடிக்கும் வீட்டில் ஓட்டினால், ஒருமுறைக்கு 12 ரூபாய்கூட ஆகாது. ஆகவே 'டிரையருக்கு எவ்வளவு செலவு?' என்று யாராவது கேட்டால், 'உங்கள் வீட்டில் ஏற்கெனவே எத்தனை யூனிட்?' என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அடுத்த நாள் இன்னொரு சோதனை. அதே 4 கிலோ துணி. பிழிந்து முடித்ததும் எடுக்காமல், ஸ்பின்னை மட்டும் இன்னொரு தடவை ஓட்டினோம். தராசில் 6.4 கிலோ. 400 மில்லி தண்ணீர் கூடுதலாக வடிந்திருந்தது. டிரையர் மீட்டர் 2.2 யூனிட்டில் நின்றது. ஸ்பின்னுக்கு ஆகும் மின்சாரம் மிகச் சொற்பம். தண்ணீரைப் பிழிந்து தள்ளுவது மலிவு. ஆவியாக்குவதுதான் ஆளை விழுங்கும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 2.2 யூனிட் வீதம் 25 முறை போட்டால் 55 யூனிட். 440-உடன், மற்ற ஐந்து நாள் மின்விசிறியையும் சேர்த்தாலும் 500-க்குள் அடங்கிவிடுகிறது. பில் சுமார் 1,720. ஆக, இரண்டாவது ஸ்பின், இரண்டு மாதத்தில் ஐந்தே ஐந்து நாள் கொடியும் மின்விசிறியும்: மிச்சம் 370 ரூபாய்க்கு மேல். சாதாரண மின்விசிறி 75 வாட். பத்து மணி நேரம் விடிய விடியச் சுற்றினாலும் முக்கால் யூனிட்தான்.

மண்ணூரில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் போகும் இந்தச் சாலையிலும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றிலும், கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள் நிறைய. பல வீடுகளில் உரிமையாளர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று ஒரே விலை வாங்குகிறார். அங்கே இலவச யூனிட்டும் இல்லை, விலைப் படிக்கட்டும் இல்லை. எட்டு ரூபாய் வீதம் 2.6 யூனிட்டுக்கு முதல் நாளிலிருந்தே 21 ரூபாய். அந்த வீடுகளில் டிரையர் வைக்க இடமும் இல்லை என்பது வேறு விஷயம்.

இந்த வட்டாரத்தின் வேடிக்கையைப் பாருங்கள். சாம்சங் ஆலையில் வாஷிங் மெஷின் தயாராகிறது. பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் 2014-இல் பாஷ் குழுமத்தின் வாஷிங் மெஷின் ஆலை வந்தது. நாட்டுக்கே துவைத்துக் கொடுக்கும் ஊர். தன் சட்டையைக் காயவைக்க வழி தேடுகிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் 18,720 பெண்கள் தங்கலாம். ஆளுக்கு தினம் ஒரு கிலோ துணி என்று வைத்துக்கொண்டால், பிழிந்த பிறகும் அந்தத் துணிகளில் 13,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றுக்கும் மேல். அதை மின்சாரத்தில் ஆவியாக்கினால் தினம் குறைந்தது 8,700 யூனிட். தை மாசியில் இந்த வேலையை வெயில் பில் போடாமல் செய்துவிட்டுப் போகிறது.

வெயில் இல்லாத நாளில் என்ன செய்வது? நாம் டிரையரைத் தேடும் நாட்களில்தான் வானம் மூடி சூரிய மின்சாரம் சுருங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை சுழன்று தள்ளும் காற்றாலைகளும் அப்போது ஓய்ந்திருக்கும். டிரையரின் மின்செலவைக் குறைக்க ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வழி கண்டது. 2025 ஜூலை 1 முதல் அங்கே புதிதாக விற்பனைக்கு வரும் டிரையர்கள் 'ஹீட் பம்ப்' வகையாகவே இருக்க வேண்டும். ஏசியின் தத்துவம்தான்: சூட்டை வெளியே விடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். செலவு பாதிக்குப் பாதி குறையும்; நேரம் அதிகம் எடுக்கும், விலையும் கூடுதல். நம் கடைகளிலும் சில மாடல்கள் கிடைக்கின்றன. தினமும் ஓட்டும் வீட்டுக்கு அது சரி. வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டுபவர், போட்ட கூடுதல் பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் பார்த்துவிட்டு வாங்கட்டும். துவைத்து உலர்த்தும் இரட்டை மெஷின் என்றால் இன்னொன்றும் கேளுங்கள். அவற்றில் பல, ஆவியைக் குளிரவைக்க உலர்த்தும்போதும் குழாய்த் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீரை விலைக்கு வாங்கும் தெருவில் அது இரட்டைச் செலவு.

தங்கை டிரையரை விற்கப் போவதில்லை. விற்கச் சொல்லவும் மாட்டேன். கைக்குழந்தை உள்ள வீடு, விடிகாலை ஷிப்ட், அடைமழை. அது ஆடம்பரம் அல்ல, மருந்து. மருந்தை அளவோடு எடுக்க வேண்டும். வடிகட்டியில் சேரும் பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நேரமும் யூனிட்டும் கூடும், தீப்பிடிக்கவும் வழி உண்டு.

இன்று உங்கள் கடைசி மின்கட்டண ரசீதை எடுத்து, 500-க்கு எத்தனை யூனிட் பாக்கி என்று பாருங்கள். அதை 2.2-ஆல் வகுங்கள். மின்விசிறிக்கும் கொஞ்சம் விட்டுவைத்து, இரண்டு மாதத்தில் அதற்குள்தான் டிரையர். மற்ற நாட்களுக்குக் கொடி இருக்கிறது.

(அடுத்த வாரம்: இண்டக்‌ஷன் அடுப்பு)