நடு ஆற்று மலையில் புத்தர் கோவில்: போய் வர என்ன வழி?

சாந்திபுரம்:

குப்பத்துக்கும் பலமனேருக்கும் இடையே இருக்கிறது சாந்திபுரம். கல் தொழிலை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் பல உண்டு. அவற்றில் ஒரு குடும்பம் சென்ற ஆண்டு நாகார்ஜுனகொண்டாவைப் பார்க்கப் புறப்பட்டது. குடும்பத் தலைவர் கிரானைட் பாலீஷ் பட்டறைத் தொழிலாளி. கூடவே மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார். பள்ளிக்கூடத்தில் பாடம் படித்த மூத்த பையன், "அணைக்கட்டுக்குள்ளே ஒரு மலை, மலை மேலே புத்தர் கோவில். கூட்டிட்டுப் போப்பா" என்று ஒரு மாதமாக நச்சரித்ததன் விளைவு அது.

ரெயிலில் ஓர் இரவு, பஸ்சில் அரை நாள். ஆற்றங்கரைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அன்றைய கடைசிப் படகு போய்விட்டது. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்.

"நம்மளைப் பார்க்க அந்தப் புத்தருக்கு இன்னும் வேளை வரலை போலிருக்கு. அழாதேடா கண்ணு" என்று பேரனைத் தேற்றினார் பாட்டி. இரண்டு நாள் கூலியும் ஐந்து பேர் பயணச் செலவும் போனதுதான் மிச்சம்.

இப்படி ஏமாந்து திரும்புகிறவர்கள் பலர். முன்கூட்டியே நாலு விஷயம் தெரிந்திருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

மலை தீவான கதை

கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்கில் இன்றைக்குச் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் விஜயபுரி என்றொரு நகரம் இருந்தது. இட்சுவாகு மன்னர்களின் தலைநகரம் அது. மன்னர்கள் வேள்வி செய்தார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களோ புத்தருக்கு விகாரை கட்டினார்கள். இங்கிருந்த மகா ஸ்தூபியின் திருப்பணிக்குப் பொருள் கொடுத்த அரச குலப் பெண்மணியின் பெயர் சாந்திசிரி. சாந்திபுரத்துக்காரர்களுக்கு மறக்காத பெயர்!

போதிசிரி என்ற இன்னொரு பெண்மணியின் கல்வெட்டும் இங்கே கிடைத்தது. பௌத்த பிக்குகள் சென்று அறம் பரப்பிய நாடுகளை அது வரிசையாகச் சொல்கிறது. காஷ்மீரம், காந்தாரம், சீனம், இலங்கை ஆகிய பெயர்கள் அதில் உள்ளன. சிதைந்த ஓரிடத்தில் தமிழகத்தைக் குறிக்கும் 'தமிள' என்ற பெயரையும் ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். இலங்கைத் துறவிகள் தங்குவதற்கென்றே இங்கு சிங்கள விகாரை என்று ஒன்று இருந்தது.

புதைந்து கிடந்த இந்த நகரம் 1926-ல் வெளியே தெரிய வந்தது. சென்னையிலிருந்த கல்வெட்டு அலுவலகத்தைச் சேர்ந்த ஏ.ஆர். சரசுவதி வந்து பார்த்தார். 1927 முதல் 1931 வரை லாங்கர்ஸ்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியும், 1938 முதல் டி.என். ராமச்சந்திரனும் தோண்டினார்கள். மகா ஸ்தூபியிலிருந்து கிடைத்த புத்தரின் புனித எலும்பு, பிறகு சாரநாத்தில் உள்ள மூலகந்தகுடி விகாரைக்குப் போய்ச் சேர்ந்தது.

1955 டிசம்பர் 10-ந் தேதி பிரதமர் நேரு நாகார்ஜுனசாகர் அணைக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளத்தாக்கு முழுகப் போகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாக அகழாய்வு நடந்தது. முக்கியமான ஒன்பது கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்து, பக்கத்திலிருந்த நாகார்ஜுனகொண்டா மலை உச்சியில் மீண்டும் அடுக்கினார்கள். வேறு பதினான்கு கட்டடங்களுக்கு மாதிரி கட்டினார்கள். 1967-ல் அணையிலிருந்து கால்வாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிட்டார் பிரதமர் இந்திரா காந்தி. நீர் ஏறியது. ஊர் முழுகியது. மலை தீவானது.

ஆகவேதான் இந்த மலைக் கோவிலுக்கு பஸ் கிடையாது, இழுவை ரெயிலும் கிடையாது. படகு ஒன்றுதான் வழி.

ஆற்றங்கரை வரை

சாந்திபுரத்திலிருந்து திருப்பதி போய்ச் சேர இரண்டு வழி உண்டு. ஒன்று, பலமனேர், சித்தூர் வழியாக பஸ். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோ மீட்டர். மற்றொன்று, குப்பம் சென்று ஜோலார்பேட்டை வழியாகக் காட்பாடி வரை ரெயில். அங்கே மாறினால் சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி. மூட்டை முடிச்சு அதிகமில்லை என்றால் பஸ்சே மேல்.

திருப்பதியிலிருந்து மாலையில் புறப்படும் நாராயணாத்ரி எக்ஸ்பிரஸ் கூடூர், நெல்லூர், குண்டூர், நடிகுடி, மிரியாலகூடா வழியாகச் செகந்திராபாத் பக்கம் போகிறது. திருவனந்தபுரத்திலிருந்து வரும் சபரி எக்ஸ்பிரசும் காட்பாடி, சித்தூர், திருப்பதி, குண்டூர் வழியாகவே செல்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு, குண்டூர் வழியாக ஐதராபாத் செல்லும் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ரெயில் நேரங்கள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி எங்கே இறங்குவது என்பதுதான் கேள்வி. சாந்திபுரத்துக் குடும்பம் கோட்டை விட்டது இங்கேதான்.

கரை இரண்டு, மாநிலமும் இரண்டு

2014 ஜூன் 2-ந் தேதி ஆந்திரம் இரண்டாகப் பிரிந்தது. அன்று முதல் இந்த அணை எல்லைக் கோட்டில் நிற்கிறது. வடகரை தெலுங்கானாவின் நல்கொண்டா மாவட்டம். தென்கரையில் உள்ள விஜயபுரி சவுத்தும், தீவாக நிற்கும் நாகார்ஜுனகொண்டாவும் ஆந்திராவைச் சேர்ந்தவை. 2022 முதல் இவை பல்நாடு மாவட்டத்தில் வருகின்றன.

தென்கரைக்குப் போக விரும்புகிறவர்கள் குண்டூரில் இறங்கி, மாச்சர்லாவுக்கு பஸ்சோ ரெயிலோ பிடிக்க வேண்டும். மாச்சர்லாதான் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து விஜயபுரி சவுத் சுமார் 25 கிலோ மீட்டர். பஸ், ஆட்டோ உண்டு.

வடகரைக்குப் போகிறவர்களுக்கு மிரியாலகூடா வசதி. ஆனால், அந்த ஸ்டேஷனை ரெயில் விடியுமுன்பே எட்டிவிடும். குழந்தை குட்டியுடன் போகிறவர்கள் வெளிச்சம் வரும்வரை வெயிட்டிங் ஹாலில் இருந்துவிட்டுப் புறப்படுவதே உத்தமம். ஐதராபாத்தில் வேலை செய்யும் தமிழர்கள் நேரே பஸ்சில் வரலாம். சுமார் 150 கிலோ மீட்டர்.

இரு கரைகளிலிருந்தும் சுற்றுலாத் துறைகள் படகு விடுவது வழக்கம். ஆனால், எந்தக் கரையில் அன்றைக்குப் படகு ஓடுகிறது என்பதை விசாரிக்காமல் புறப்படக்கூடாது. தண்ணீர் மட்டம் குறைந்தாலும், காற்று பலமாக வீசினாலும், படகுக்கு அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டாலும் சவாரி நின்றுவிடும். 2019 செப்டம்பர் 15-ந் தேதி கோதாவரியில் கச்சுலூரு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் மாண்டனர். ஆற்றுப் படகுகள் மீது கண்டிப்பு அதிகமானது அதற்குப் பிறகுதான். படகை நிறுத்தி வைத்தால் அதிகாரிகளைக் கோபிப்பதில் பயன் இல்லை. உயிர்காப்பு அங்கி கொடுத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

எந்தக் கிழமை, எந்த நேரம்?

வெள்ளிக்கிழமை போக வேண்டாம். மலை மேலுள்ள தொல்பொருள் காட்சிசாலைக்கு அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். ஆனால், கூட்டம் இருந்தால்தான் படகு நிறையும். நிறையாத படகு கிளம்பத் தாமதமாகும்.

காலைப் படகைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். போக மட்டும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். மலை மேல் சுற்றிப் பார்க்க ஒரு மணி நேரமாவது தேவை. திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். தீவில் இரவு தங்க வசதி இல்லை. கட்டுச்சோறும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். துறையிலிருந்து சிறிது தூரம் ஏறி நடக்க வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும். சித்திரை, வைகாசியில் முதியவர்களை அழைத்துப் போகாதிருப்பது நல்லது.

ஒருவேளை படகு ஓடாவிட்டால் வந்தது வீண் என்று நினைக்க வேண்டாம். தென்கரையில் அனுப்புக்கு சாலை வழியாகவே போகலாம். பழைய ஆடரங்கம் அங்கே மீண்டும் அமைக்கப்பட்டிருக்கிறது. மாச்சர்லா சாலையில் எத்திபோத்தலா அருவி இருக்கிறது. வடகரையில் 2022-ல் திறக்கப்பட்ட புத்தவனம் இருக்கிறது.

பாட்டியின் பிரதட்சணம்

சாந்திபுரத்துக் குடும்பம் இந்த ஆண்டு தை மாதத்தில் மறுபடியும் போய் வந்தது. இந்த முறை விசாரித்துவிட்டுக் கிளம்பினார்கள். சனிக்கிழமை காலையில் பஸ், மாலையில் ரெயில், விடிந்ததும் மாச்சர்லா பஸ், பகல் படகு. திங்கட்கிழமை ஒரு நாள் கூலி மட்டும் போயிற்று.

பையன் காட்சிசாலையில் ஒவ்வொரு சிலையாக நின்று பார்த்தான். பாட்டி மெல்ல ஏறி வந்து, ஊர்க் கோவிலில் சுற்றுவது போலவே ஸ்தூபியை மூன்று முறை வலம் வந்தார். மகன் மட்டும் பழைய கற்கள் பொருந்தியிருந்த இடுக்குகளைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை கல்லையும் கீழே இருந்து மேலே ஏத்தி, இருந்த மாதிரியே வெச்சிருக்காங்களே. எத்தனை பேர் தோள் தேய்ஞ்சுதோ!" என்றார் அவர்.

மன்னர் பெயரும் அதிகாரிகள் பெயரும் காட்சிசாலைப் பலகையில் இருக்கலாம். கல் சுமந்த கூலிக்காரர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளக் கல் தொழிலாளி ஒருவர் சாந்திபுரத்திலிருந்து போக வேண்டியிருந்தது.