வயலில் ட்ரோன் விழுந்துவிட்டதா? ஓடிப்போய்த் தூக்காதீர்கள்!

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழும் நாள்களில்தான் கீழே வயல்காட்டில் காற்றும் ஓங்கி அடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கம் இறங்குகிறது. கார் நெல்லுக்கு மருந்து அடிக்க வேண்டியதும் இதே மாதங்களில்தான். ஆள் கிடைக்காததால் பலரும் ட்ரோனை வாடகைக்கு அழைக்கிறோம். சாரல் காற்றில் ட்ரோன் கீழே விழவும் வாய்ப்பு அதிகம்.

விழுந்தவுடன் ஓடிப்போய்த் தூக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. இயந்திரம் உடைந்தால் பணம்தான் போகும். அதில் உள்ள பேட்டரியும் மருந்தும் ஆளையும் ஊர்த் தண்ணீரையும் கெடுத்துவிடும். எனவே முதலில் பேட்டரி, அடுத்து மருந்து, கடைசியில்தான் இயந்திரம்.

பேட்டரி

பைலட் ரிமோட்டில் மோட்டாரை நிறுத்தி, எல்லா இறக்கைகளும் நின்ற பிறகே யாரும் கிட்டே போக வேண்டும். காற்று வரும் திசையிலிருந்து நெருங்குங்கள். ட்ரோனில் இருப்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. அடிபட்டால் உடனேயோ, சில மணி நேரம் கழித்தோகூடத் தீப்பிடிக்கலாம். புகை, சீறும் சத்தம், வீக்கம் இருந்தால் தொடாதீர்கள். ஆள்களை 30 அடிக்கு அப்பால் நிறுத்துங்கள். வைக்கோல் கிட்டே இருக்கக் கூடாது. புகையைச் சுவாசிக்காதீர்கள். தீப்பிடித்தால் 101-க்கு அழையுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் பைலட் பேட்டரியைக் கழற்றி, வீட்டுக்கும் வண்டிக்கும் தள்ளி, வெட்டவெளியில் மணல் மேல் வைக்கட்டும். வீங்கிய, நசுங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

மருந்து

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் கலக்கும் மருந்தை, ட்ரோனில் சுமார் 10 லிட்டரில் கலக்கிறோம். அதாவது டேங்கில் இருப்பது ஏறக்குறைய 20 மடங்கு கெட்டியான கரைசல். அது மொத்தமாக ஓரிடத்தில் கொட்டினால் பயிர் கருகும். வாய்க்காலில் இறங்கினால் மீன் சாகும். ஐந்தருவித் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, கீழே குளிக்கவும் பாசனத்துக்கும் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

உடனே அந்த வயலின் மடையை அடையுங்கள். கொட்டிய இடத்தைச் சுற்றி மண் அணையுங்கள். டேங்கில் மிச்சமுள்ளதை மூடியுள்ள கேனில் பிடியுங்கள். வேளாண் அலுவலரிடம் கேட்ட பிறகே மடையைத் திறக்க வேண்டும். ட்ரோனை வாய்க்காலிலோ ஓடையிலோ கழுவாதீர்கள்.

கையுறை இல்லாமல் தொட வேண்டாம். மேலே பட்டால் துணியை மாற்றி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தலைசுற்றலோ வாந்தியோ வந்தால், மருந்துப் பாட்டிலின் லேபிளோடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

பழுது பார்க்கும்போது

நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுக்களுக்கு 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. மீதியைக் குழுதான் கடனாகவோ கைப்பணமாகவோ போடுகிறது. அதனால் 'ஒட்டுப்போட்டு ஓட்டிவிடலாம்' என்று தோன்றும். அங்கேதான் இரண்டாவது விபத்து காத்திருக்கிறது.

* மோட்டாரைத் தாங்கும் கை, கார்பன் குழாயால் ஆனது. மயிரிழை விரிசல் இருந்தாலும் பசை போட்டு ஒட்டாமல் மாற்றிவிடுங்கள். உடைந்த கார்பனின் சிலும்பு கையில் ஏறும். அதன் தூளில் மின்சாரம் பாயும் என்பதால் சர்க்யூட்டில் விழுந்தால் ஷார்ட் ஆகும்.
* இறக்கை நுனியில் சிறு வெட்டு இருந்தாலும் அதிர்வு வரும். அந்த அதிர்வு சென்சாரைக் குழப்பும்.
* பேட்டரி இல்லாமல் ஒவ்வொரு மோட்டாரையும் கையால் சுற்றிப் பாருங்கள். உரசினாலோ நறநறவென்றாலோ சேறு புகுந்திருக்கும், அல்லது தண்டு வளைந்திருக்கும்.
* தண்ணீர் நின்ற வயலில் விழுந்த ட்ரோனை 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள். சர்வீஸ் மையத்தில் பிரித்து, உலர்த்திய பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பழுது நீங்கிய பிறகு திசைகாட்டியைச் சரிசெய்து, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஆளில்லாத தரிசில் தாழப் பறக்கவிட்டுப் பாருங்கள். 'இன்னும் ஒரு ஏக்கர்தான் பாக்கி' என்று அன்றே அதே வயலில் பறக்கவிடச் சொல்லி, பைலட்டை நீங்களும் நெருக்க வேண்டாம்.

விழாமல் இருக்க

இலையும் சிறு கிளையும் ஓயாமல் ஆடினால் காற்று மணிக்கு 12 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது நிறுத்திவிடுங்கள். மருந்தும் பக்கத்து வயலுக்குப் போய்விடும். சாரலில் அடித்த மருந்து இலையில் தங்காது. காற்று தணிந்திருக்கும் காலை நேரமே நல்லது.

ரிமோட் தொடர்பு அறுந்தால் ட்ரோன் தானாகக் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் உயரம் உங்கள் தென்னையைவிடக் குறைவாக வைத்திருந்தால் நேரே மட்டையில் மோதும். பறக்கும் முன் இதைப் பைலட்டிடம் கேளுங்கள். மின்கம்பி, ஸ்டே கம்பி எங்கே இருக்கிறது என்பதையும் நீங்களே நடந்து காட்டுங்கள். உங்கள் வயலை உங்களுக்குத்தான் தெரியும்.

காகிதமும் முக்கியம்

ட்ரோன் விதிகள் 2021-ன்படி மருந்து அடிக்கும் ட்ரோனுக்குப் பதிவு எண்ணும், பைலட்டுக்குச் சான்றிதழும், மூன்றாம் நபர் காப்பீடும் இருக்க வேண்டும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குப் பைலட் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்குத்தான். ட்ரோனுக்கே தனிக் காப்பீடு எடுக்க வேண்டும். விழுந்த இடத்தை எதையும் நகர்த்தும் முன் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை ட்ரோன் அழைக்கும்போது வாடகையோடு சேர்த்து, 'காப்பீடு இருக்கிறதா?' என்றும் கேளுங்கள். காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகு வயலில் இறக்குங்கள்.