காத்திருக்கும் கணிப்பொறி
பழைய மடிக்கணினிக்கு எஸ்.எஸ்.டி. வாங்கலாமா?

அண்ணன் படித்த மடிக்கணினி இப்போது தங்கைக்கு வந்திருக்கிறது. அவள் கல்லூரியில் முதலாண்டு மாணவி. பொத்தானை அழுத்திவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறாள். அப்போதும் திரையில் அந்தச் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இது இனி உதவாது, புதிதாக வாங்கிவிடு" என்கிறார்கள் தெரிந்தவர்கள். தறிக்கூலியிலும் லாரி ஓட்டுநரின் சம்பளத்திலும் நடக்கும் குடும்பத்துக்கு அது எளிய காரியமா?

சேலம், நாமக்கல் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த முதலாண்டுக் கருவியில் 2 ஜி.பி. ரேமும் 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்கும் இருந்தன. பின்வந்த ஆண்டுகளையும் சேர்த்து 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றுள் பல இன்று அலமாரியில் உறங்குகின்றன. அவை உண்மையிலேயே உதவாதவைதாமா? முதலில் அவை ஏன் மெதுவாக ஓடுகின்றன என்று பார்ப்போம்.

முட்டை லாரியும் ஹார்ட் டிஸ்கும்

நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிச் செல்லும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே கோழிப்பண்ணையில் 1,000 அட்டை முட்டைகளை ஏற்றுவது விரைவில் முடியும் வேலை. அதே 1,000 அட்டைகளை 1,000 பண்ணைகளில், பண்ணைக்கு ஒன்றாக ஏற்ற வேண்டுமானால் என்ன ஆகும்? லாரியின் எஞ்சின் எவ்வளவு வலுவானதாக இருந்தாலும், நேரமெல்லாம் வழியிலேயே போய்விடும் அல்லவா?

ஹார்ட் டிஸ்கின் நிலை இதுவே. அதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று சுழல்கிறது. ஊசிபோன்ற ஒரு கை அதன் மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. மடிக்கணினிகளில் உள்ள தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லி நொடி. வேண்டிய இடம் கைக்கு நேராக வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி நொடி, காத்திருக்க வேண்டும். கை நகர்ந்து சரியான தடத்தைப் பிடிக்க இன்னும் ஏறத்தாழ 12 மில்லி நொடி. ஆக, ஒரு துணுக்கைத் தேடி எடுக்க 17 அல்லது 18 மில்லி நொடி ஆகிறது.

"இது கண் இமைக்கும் நேரம்கூட இல்லையே!" என்பீர்கள். ஆனால் கணிப்பொறி விழித்தெழும்போது இங்கும் அங்குமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துணுக்குகளைப் படிக்க வேண்டும். 10,000 துணுக்குகள் என்று கொண்டால், தேடுவதற்கு மட்டும் ஏறக்குறைய 3 நிமிடம்! அந்த நேரமெல்லாம் செயலி சும்மா காத்திருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு துணுக்கை எடுக்க அதற்கு 0.1 மில்லி நொடியே போதும். அதே 10,000 துணுக்குகளை ஒரு நொடியில் எடுத்துவிடும். மற்ற வேலைகளுக்கான நேரத்தையும் சேர்த்தால் மடிக்கணினி ஒரு நொடியில் எழுந்துவிடாதுதான். ஆயினும் நிமிடக் கணக்கு நொடிக் கணக்காகிவிடும்.

உள்ளே நடப்பது என்ன?

எஸ்.எஸ்.டி.க்குள் இருப்பவை சிலிக்கான் சில்லுகள். அவற்றில் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உண்டு. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட அந்த அறைக்குள் எலெக்ட்ரான்களைச் செலுத்தி அடைத்து வைக்கலாம். மின்சாரம் நின்றாலும் அவை வெளியேறுவதில்லை. இந்த முறையின் அடிப்படையை 1967-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் டாவோன் காங், சைமன் சீ ஆகிய இருவரும் வகுத்தனர். 1980-களில் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா அதை 'ஃபிளாஷ்' நினைவகமாக வளர்த்தார்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் அளக்கக் கோடு போடுவதுபோல, அறையிலுள்ள மின்னூட்டத்தின் அளவைக் கொண்டு தகவலைக் குறிக்கிறார்கள். ஓர் அறையில் 3 பிட் வைக்க 8 நிலைகள் வேண்டும். இது டி.எல்.சி. வகை. 4 பிட் வைக்க 16 நிலைகள் வேண்டும். இது கியூ.எல்.சி. வகை. கோடுகள் நெருங்க நெருங்க விலை குறையும். ஆனால் எழுதும் வேகமும் ஆயுளும் குறையும். விலை வேறுபாடு சிறிதாயின் டி.எல்.சி.யையே கேளுங்கள்.

ஆயுள் என்றதும் அஞ்ச வேண்டாம். பெட்டியிலோ விவரத்தாளிலோ 'டி.பி.டபிள்யூ.' என்றோர் எண் இருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதே அது. எண் 80 என்று கொள்வோம். நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதினாலும் 4,000 நாள், அதாவது ஏறக்குறைய 11 ஆண்டு வரும். மாணவரின் உபயோகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவே.

பணம் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்

காத்திருப்பு எங்கே என்று தெரியாமல் பணத்தைச் செலவிடாதீர்கள். விண்டோஸ் 10 உள்ள கருவியில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'டிஸ்க்' 100 விழுக்காட்டிலேயே நின்று, செயலி சும்மா இருந்தால் எஸ்.எஸ்.டி. பலன் தரும். 'மெமரி' எப்போதும் நிரம்பியிருந்தால் ரேமும் போதவில்லை என்று பொருள். 2 ஜி.பி. ரேம் உள்ள கருவியில் இன்றைய இணைய உலாவி திணறும். அங்கே ரேமைக் கூட்டுவதும் அவசியம். செயலியே 100 விழுக்காட்டில் நின்றால் எஸ்.எஸ்.டி. வாங்கியும் பயனில்லை.

அடுத்து, எந்த வகை? பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் 'சாட்டா' இணைப்பில் இருக்கும். அதே அளவுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி.யே அதற்குப் பொருந்தும். 'என்.வி.எம்.இ.' என்னும் மெல்லிய பலகை வகை நொடிக்கு 3,000 எம்.பி.க்கு மேல் படிக்கும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் அதற்குரிய இடம் உங்கள் கருவியில் இருக்க வேண்டுமே! சாட்டாவின் மூன்றாம் தலைமுறை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி.யும், இரண்டாம் தலைமுறை அதில் பாதியளவும் தரும். ஊர்ச்சாலை ஒருவழியாக இருக்கும்போது நாற்கரச் சாலையில் ஓடும் வேகத்துக்குப் பணம் கொடுப்பானேன்? துணுக்குகளைத் தேடும் காத்திருப்பு நீங்குவதே பெரும் பலன். அது சாதாரண சாட்டா வகையிலேயே கிடைத்துவிடும்.

எவ்வளவு பெரியது?

இப்போதைய டிஸ்கில் எத்தனை ஜி.பி. நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். திரைப்படங்களைத் தள்ளிவிட்டு, பாடங்களையும் மென்பொருளையும் மட்டும் கணக்கிடுங்கள். 100 ஜி.பி.க்குள் இருந்தால் 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். 2025-ல் கல்லூரி மாணவருக்கான புதிய மடிக்கணினிகளுக்கு அரசின் எல்காட் நிறுவனம் கேட்டதும் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யே.

ஒரு கணக்குப் போடுவோம். (இவை கணக்குக்காகக் கொண்ட எண்கள், கடை விலையல்ல.) 128 ஜி.பி. ரூ. 1,600, 256 ஜி.பி. ரூ. 2,400, 512 ஜி.பி. ரூ. 4,200 என்று கொள்வோம். ஒரு ஜி.பி.க்கு முறையே ரூ. 12.50, ரூ. 9.40, ரூ. 8.20 ஆகிறது. மூன்றாவதுதான் மலிவு என்று தோன்றும். ஆனால் உங்களுக்குத் தேவை 100 ஜி.பி.யானால், மீதி இடமெல்லாம் வெறுமனே கிடக்கும். இரண்டாவதை வாங்கினால் ரூ. 1,800 மிஞ்சும். அதை ரேமுக்குச் செலவிட்டால் மடிக்கணினி மேலும் சுறுசுறுப்பாகும். இச்சில்லுகளின் விலை ஏறி இறங்கும் தன்மையுடையது. 2023-ல் சரிந்தது, 2025-இன் பிற்பகுதியில் ஏறியது. ஆகவே வாங்கும் நாளன்று இரண்டு மூன்று கடைகளில் கேட்டு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

240 ஜி.பி. வாங்கினேன், திரையில் 223 என்று காட்டுகிறதே, ஏமாற்றமா என்று கலங்க வேண்டாம். தயாரிப்பாளர் 1 ஜி.பி.யை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 107 கோடிக்கும் சற்று மேலாக எண்ணுகிறது. வேறுபாடு அவ்வளவே. ஆனால் நம்ப முடியாத மலிவில் பல டெராபைட் என்று விற்கப்படும் பொருள்களில் போலிகள் உண்டு. உத்தரவாதமும் ரசீதும் இல்லாமல் வாங்காதீர்கள்.

மாற்றிய பின்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய கருவிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே புதிய எஸ்.எஸ்.டி.யில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருளை நிறுவிப் பாருங்கள். விலையில்லா மடிக்கணினிகளோடு வந்த 'பாஸ்' என்பதும் லினக்ஸ் வகைதான். அதை உருவாக்கியது சி-டாக்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை எறிந்துவிடாதீர்கள். யு.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டால் அது வெளிச் சேமிப்பகமாகும். பேருந்தின் குலுக்கல் எஸ்.எஸ்.டி.யைப் பாதிக்காது என்பது நல்ல செய்தி. ஆனால் ஹார்ட் டிஸ்க் கெடும்போது பல வேளை கடகடவென்று ஒலி எழுப்பி எச்சரிக்கும். எஸ்.எஸ்.டி.யோ சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே சான்றிதழ்களுக்கும் செயல்திட்ட அறிக்கைகளுக்கும் பழைய டிஸ்கில் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும்.

இன்று மாலை ஒரு சோதனை செய்து பாருங்கள், நண்பர்களே. அலமாரியிலுள்ள மடிக்கணினியை எடுத்துப் பொத்தானை அழுத்துங்கள். உலாவி திறக்கும் வரை கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிஸ்க், மெமரி, செயலி மூன்றின் விழுக்காட்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்த நான்கு எண்களோடு கடைக்குச் செல்லுங்கள். உங்களுக்குத் தேவையானது எது, தேவையில்லாதது எது என்பதை அப்போது நீங்களே சொல்ல முடியும்.